ட்ராக்ல கார் மக்கர் பண்ணா முதல்ல எங்க கை வைக்கணும்?

பெங்களூர்லேர்ந்து வருஷத்துக்கு மூணு நாலு தடவ ட்ராக் டேக்கு (ரேஸ் ட்ராக்ல நம்ம காரையே ஓட்டிப் பாக்கற நாள்) காரை எடுத்துட்டுப் போறேன். பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் (இப்போ பேரு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்னு மாத்திட்டாங்க, ஆனா எங்க வாய்ல இன்னும் பழைய பேரு எம்எம்ஆர்டி தான்), சில சமயம் கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்கற கரி ரேஸ் ட்ராக். கார் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 டர்போ, ஏழு கியர் டிஎஸ்ஜி (ரெண்டு க்ளட்ச் இருக்கற ஆட்டோமேட்டிக்). இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்றியேன்னு சிரிக்கலாம், ஆனா ஒரு தடவ பக்கத்து பிட்ல (ட்ராக் ஓரமா காரை நிறுத்தற இடம்) நின்ன போர்ஷே கேமனுக்கும் என் போலோவுக்கும் ஒரே நாள்ல ஒரே வியாதி வந்துச்சு, மருந்தும் ஒண்ணுதான், அந்த கேமன்காரர் பில்லுல மட்டும் ஒரு சைபர் கூட.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நம்ம ஊரு 900 மீட்டர் உயரத்துல இருக்கு, காலைல 20 டிகிரி, சில்க் போர்டு சிக்னலைத் தாண்டறதுக்கே முக்கால் மணி நேரம், இங்க எல்லா காரும் நல்ல காருதான். ஸ்ரீபெரும்புதூர் வெயில்ல மதியம் 38 டிகிரில நாலு லேப் (ட்ராக்கை நாலு சுத்து) முழு த்ராட்டில்ல, அதாவது ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்கி, ஓட்டுனாதான் கார் உண்மையைப் பேசும். அதனால ட்ராக்ல வர்ற ப்ராப்ளம்ல முக்காவாசி சூட்டு ப்ராப்ளம், முக்காவாசி சூட்டு ப்ராப்ளத்துக்கு மருந்து ஆயிரம் ரெண்டாயிரத்துல முடியும், நாமதான் நேரா லட்ச ரூபா பார்ட்ஸ்ல போய் நிக்கிறோம்.

டிக்கில இதெல்லாம் இருக்கணும்: டயர் கேஜ், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவா இறுக்கற ஸ்பேனர்), ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (கார் கம்ப்யூட்டர் சொல்றதை போன்ல காட்டும், ஆயிரம் ரூபா சரக்கே போதும்), டார்ச், தடிமனான கையுறை, ஒரு லிட்டர் இஞ்சின் ஆயில், அஞ்சு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், சீல் உடைக்காத பிரேக் ஃப்ளூயிட், நின்ன காரைக் கட்டி இழுக்க டோ ஹூக். டோ ஹூக்கை வீட்லயே ஒரு தடவ மாட்டிப் பாத்துடுங்க, என் ஃப்ரெண்டுக்கு ட்ராக்ல கார் நின்னப்பதான் அவன் கார்ல ஹூக்கே இல்லன்னு தெரிஞ்சுது.

## பிரேக் அடிச்சா கார் நிக்கல

முதல்ல பெடல் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகப்படுத்துங்க. வழி அங்கேயே ரெண்டா பிரியுது.

### பெடல் கெட்டியா இருந்துச்சு, ஆனா பிடிக்கவே இல்ல

இது பேட் ஃபேட், அதாவது பிரேக் பேட் சூடேறி பிடிப்பை இழக்கறது. கம்பெனில போட்டு வந்த ஸ்டாக் பேட் அதோட சூட்டு எல்லையைத் தாண்டிடுச்சு, கருகின வாசனை வரும், சில சமயம் வீல்லேர்ந்து புகையும் வரும். பயப்படாதீங்க, ரெண்டு லேப் மெதுவா ஓட்டி உள்ள வாங்க. வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீங்க, கியர்லயோ பார்க்லயோ விட்டு வீலுக்கு ஒரு கல்லு முட்டு குடுங்க. ஆறினதும் டார்ச் அடிச்சு பேட் கனம் பாருங்க, அஞ்சு மில்லிமீட்டருக்கு கீழ இருந்தா அன்னைக்கு ட்ராக் முடிஞ்சுது, ஏன்னா பேட் மெலிஞ்சா சூடு நேரா பிரேக் பிஸ்டனுக்குப் போய் ஃப்ளூயிட்டை கொதிக்க வைக்கும். கனம் இருக்குன்னா மூணு லேப் ஓட்டி ஒரு லேப் ஆத்துங்க, ஊருக்கு வந்ததும் ட்ராக் சூட்டைத் தாங்கற ட்ராக் காம்பவுண்ட் பேட் வாங்குங்க. அந்தப் பேட் ரோட்ல காலைல ஜில்லுன்னு இருக்கும்போது சரியா பிடிக்காது, கீச்சு கீச்சுன்னு கத்தும், ரிம் எல்லாம் கருப்புப் பொடி. அதோட வாழணும்.

### பெடல் மெத்துன்னு தரைக்குப் போகுது

உள்ள வந்ததும் வண்டி நின்ன இடத்துலயே மூணு சோதனை, அஞ்சு நிமிஷ வேலை.

ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணுங்க. பெடல் மேல வந்துச்சுன்னா லைன்ல காத்தோ கொதிச்ச ஆவியோ இருக்கு. முதல் அமுக்கு மட்டும் ஆழமா போய் ரெண்டாவது அமுக்கு நார்மலா இருந்து, அதுவும் கெர்ப் (வளைவு ஓரத்து மேடு) மேல ஏறின உடனே மட்டும் இப்படி ஆகுதுன்னா வீல் பேரிங் ஆட்டத்தைப் பாருங்க, டிஸ்க் ஆடி பேடை உள்ள தள்ளிடுது. இஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்துல பிடிச்சு வெச்சா மெதுவா இறங்கிட்டே போகுதா? லீக் இருக்கான்னு நாலு வீல் உள்பக்கமும் பாருங்க, லீக் இல்லன்னா மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஃப்ளூயிட்டுக்கு அனுப்பற பாகம்). அது மெக்கானிக் வேலை, அந்தக் காரை ஊருக்கு ஓட்டிட்டு வராதீங்க, காரை ஏத்திட்டு வர ஃப்ளாட்பெட் லாரி சொல்லுங்க. வலிக்கும், எனக்கு ஒரு தடவ 14 ஆயிரம் ஆச்சு, ஆனா நடு ஹைவேல பிரேக் இல்லாம இருக்கறதைவிட பரவால்ல.

பின்னாடி ட்ரம் இருக்கற கார்ல இன்னொரு சல்லிசான காரணம் உண்டு, ட்ரம் அட்ஜஸ்ட்மென்ட் லூஸானாலும் பெடல் ஆழமா போகும். ஹேண்ட்பிரேக் எட்டு க்ளிக் ஒன்பது க்ளிக் வரைக்கும் வருதுன்னா முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

ஆனா பத்துக்கு எட்டு தடவ கதை ஃப்ளூயிட் தான். டாட்னா ஃப்ளூயிட்டோட தரக் குறி, டாட் 3 புதுசா இருக்கும்போது குறைஞ்சபட்சம் 205 டிகிரி, டாட் 4 230, டாட் 5.1 260 வரைக்கும் கொதிக்காம தாங்கணும், இது ஸ்டாண்டர்டு. ஈரம் குடிச்ச பழைய டாட் 4க்கு அந்த எல்லை 155 தான். ரெண்டு மழைக்காலம் பாத்த ஃப்ளூயிட்டோட ட்ராக்குக்குப் போனா மூணாவது லேப்ல பெடல் போகத்தான் செய்யும். 300 டிகிரி தாண்டித் தாங்கற ரேஸிங் ஃப்ளூயிட்டும் கிடைக்குது, ஆனா அது ஈரத்தை சீக்கிரம் இழுக்கும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மாத்தற பொறுமை இருந்தா மட்டும் ஊத்துங்க. டாட் 5 வேற ஜாதி, சிலிக்கான், பேரு ஒரே மாதிரி இருக்கேன்னு 5.1க்கு பதிலா ஊத்திடாதீங்க.

இதை நான் கத்துக்கிட்ட கதை கேவலமானது. முதல் வருஷம் இதே ப்ராப்ளத்தோட ஒரு பெரிய பர்ஃபார்மன்ஸ் கடைக்குப் போனேன், பேர் வேண்டாம். அவங்க பானட்டைக்கூட தூக்காம பெரிய பிரேக் கிட் போடணும், ஒரு லட்சத்து எண்பதாயிரம்னு கொட்டேஷன் குடுத்தாங்க. ஈஎம்ஐ எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். அப்புறம் வில்சன் கார்டன் பக்கம் நாங்க ரெகுலரா போற சின்ன கேரேஜ்ல, ஓனர் அண்ணன் ஆம்பூர்க்காரர், ரிசர்வாயர் மூடியைத் திறந்து பஞ்சுல தொட்டு என் மூஞ்சிக்கு நேரா காட்டுனார். "தம்பி, இது பிரேக் ஆயிலா டீ டிகாஷனா?" அவ்ளோதான் சொன்னார்.

அன்னைக்கு சாயங்காலமே அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல ஃப்ளூயிட்டை மாத்துனேன். வீட்டம்மா சீட்ல, நான் வீலுக்குப் பக்கத்துல குப்புற, பழைய ஃப்ளூயிட்டை வெளிய விடற நிப்பிள் மேல கை. "அமுக்கு." நிப்பிள் கால் சுத்து திருப்பு. "பிடி... பிடி... விட்றாத." நிப்பிள் மூடு. "இப்ப விடு." ட்ரான்ஸ்பரன்ட் ட்யூப்ல முதல்ல பழுப்பா வந்துச்சு, நடுவுல கடுகு சைஸ்ல குமிழ், அப்புறம் ஒரு இடத்துல பழுப்பும் புது மஞ்சளும் கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு நின்னுச்சு, அந்தக் கோடு பாட்டிலுக்குள்ள இறங்கறதைப் பாக்க அவ்ளோ சந்தோஷம். ரிசர்வாயர் மினிமத்துக்கு கீழ இறங்க விடவே கூடாது, இறங்கி ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காத்து போச்சுன்னா வீட்ல எடுக்கறது கஷ்டம், ஸ்கேன் டூல் வெச்சு பம்பை ஓட்டி எடுக்கற இடத்துக்குத்தான் போகணும். எந்த வீல் முதல்லங்கறது காருக்குக் கார் மாறும், மேனுவல் பாருங்க. பெயின்ட் மேல சிந்தினா உடனே தண்ணி ஊத்துங்க, துணியால தேய்க்காதீங்க.

அதே நிப்பிள், அதே காரு, லட்சத்து எண்பதாயிரம் மிச்சம்.

## பிரேக் அடிக்கும்போது ஸ்டீரிங் உதறுது

டிஸ்க் வளைஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க. நிஜத்துல அனேகமா பேட் பொருள் டிஸ்க் மேல திட்டுத் திட்டா ஒட்டியிருக்கும். சூடா உள்ள வந்து பெடலை அமுக்கிட்டே நின்னீங்கன்னா பேட் இருக்கற அச்சு அப்படியே டிஸ்க்ல விழும், டிஎஸ்ஜி கார்ல ட்ரைவ்ல போட்டுட்டு பிரேக்ல கால் வெச்சே நிக்கற பழக்கம் நம்ம பெங்களூர் சிக்னல்ல வந்தது. ரோட்ல யாரும் இல்லாத இடமா பாத்து 80லேர்ந்து 20க்கு முழுசா நிக்காம ஒரு எட்டு பத்து தடவ இறக்குங்க, பாதி கேஸ் சரியாகும். ஆகலன்னா டிஸ்க் ஓரத்துல அடிச்சிருக்கற மினிமம் கனத்தைப் பாத்து, அதுக்கு மேல இருந்தா ஸ்கிம் பண்ணலாம் (மேற்பரப்பை லேசா சீவறது), கீழ வந்துட்டா மாத்துங்க. விரிசல் நகத்துல மாட்டுதுன்னா யோசிக்கவே வேண்டாம், மாத்திடுங்க.

பிரேக் அடிக்காதப்பவும் உதறுதுன்னா கதை வேற. முதல்ல டயர்ல ஒட்டியிருக்கற ரப்பர் துண்டைச் சுரண்டுங்க, கூல்டவுன் லேப்ல (கடைசில ஆத்தறதுக்கு மெதுவா ஓட்டற சுத்து) எல்லாரும் ஓட்டற லைனை விட்டு வெளிய போனா அத்தனையும் ஒட்டிக்கும். அப்புறம் ரிம்ல பேலன்ஸ் வெயிட் விழுந்திருக்கா. அப்புறம் வீல் போல்ட், இதை எப்பவுமே முதல்ல பாருங்கன்னு சொல்லலாம், போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், உங்க காருக்கு மேனுவல் பாருங்க. ஒவ்வொரு போல்ட்லேர்ந்து ரிம் வரைக்கும் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வெச்சீங்கன்னா செஷன் முடிஞ்சதும் குனிஞ்சு பாத்தாலே தெரியும், கோடு விலகியிருந்தா போல்ட் நகர்ந்திருக்கு. வீல் ஆறினதுக்கு அப்புறம்தான் டார்க் ரெஞ்ச் வையுங்க. இதெல்லாம் சரியா இருந்தும் உதறுனா ஜாக்கில தூக்கி வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, லொடலொடன்னா பேரிங். ஊஊன்னு ஒரு சத்தம் இடது பக்கம் திரும்பும்போது அதிகமாச்சுன்னா சந்தேகம் வலது பேரிங் மேல. பேரிங் மாத்த ப்ரெஸ் மெஷின் வேணும், கேரேஜ் வேலை.

## டெம்பரேச்சர் ஏறுது

ஃபோக்ஸ்வாகன்காரங்க முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அந்த முள்ளு பொய் சொல்லும். கிட்டத்தட்ட 75லேர்ந்து 105 வரைக்கும் எங்க இருந்தாலும் அது 90லயே நிக்கும், அது நகர ஆரம்பிச்சப்பவே லேட்டு. ஓபிடில கூலன்ட் நம்பரை போன்ல வெச்சுப் பாருங்க. எனக்கு 108 தாண்டினா செஷன் முடிஞ்சுது.

ஏறினா ஏசியை அணைச்சு ஹீட்டரை ஃபுல் ஹாட், ஃபுல் ஃபேன் போடுங்க. ஹெல்மெட்டோட அந்த வெயில்ல நரகம்தான், ஆனா உள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் சும்மா இருக்கு, அதை உபயோகப்படுத்தணும். ஒரு லேப் ஹை கியர்ல மெதுவா. முள்ளு சிவப்புல இருந்தா லேப்பெல்லாம் வேண்டாம், பாதுகாப்பான இடத்துல ஓரமா நிறுத்தி அணைச்சுடுங்க. கூலன்ட் மூடியை முக்கா மணி நேரம் தொடாதீங்க.

### வேகமா ஓடும்போது சரியா இருக்கு, பிட்ல நின்னா ஏறுது

ஃபேன். ஏசி போட்டா சுத்துதா பாருங்க, சுத்தலன்னா ஃப்யூஸ், அப்புறம் ரிலே, கடைசியாதான் மோட்டார்.

### பிட்ல சரியா இருக்கு, வேகமா ஓடும்போது ஏறுது

காத்தோ தண்ணியோ போதல. பம்பர் முன்னாடி பிளாஸ்டிக் கவர் உறிஞ்சி ஒட்டியிருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, எனக்கு ஆயிருக்கு. ரேடியேட்டர் முழுக்க பூச்சி, ஹைவேல ராத்திரி 300 கிலோமீட்டர் வந்தா வேற என்ன இருக்கும், உள்பக்கத்துலேர்ந்து வெளிய மெதுவா தண்ணி அடிங்க, பிரஷர் வாஷ் வேண்டாம், ஃபின் மடங்கிடும். லெவல் பாருங்க, குறைஞ்சிருந்தா டிஸ்டில்டு வாட்டர், ஊருக்கு வந்து சரியான கூலன்ட். அடுத்து மூடி, பிரஷர் பிடிக்காத மூடி இருந்தா கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும், விலையும் கம்மி, சந்தேகமா இருந்தாலே மாத்திடுங்க. அதுக்கும் மேல தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், இந்த ரெண்டும் கேரேஜ்.

எக்ஸ்பான்ஷன் டேங்க்ல விடாம குமிழ் வருது, வெள்ளைப் புகைல தித்திப்பு வாசனை, கூலன்ட் எங்கயும் சிந்தாமலேயே குறையுது, இதெல்லாம் சேர்ந்து வந்தா ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் தலைக்கு அடில இருக்கற சீல்) போயிடுச்சு. ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆயில் மூடிக்கு அடில மட்டும் காபி நுரை மாதிரி இருந்து வேற எதுவும் இல்லன்னா பதறாதீங்க, நம்ம ஊரு குளிர்ல ஆஃபீஸுக்கு நாலு கிலோமீட்டர் ஓடற கார்ல அது வெறும் ஈரமாவும் இருக்கலாம்.

## பவர் இல்ல

### நாலு லேப்புக்கு அப்புறம் மந்தமாகுது, ஆறினா சரியாகுது

டர்போ கார்ல இது சகஜம், உள்ள போற காத்து சூடாகி இசியூ (இஞ்சின் கம்ப்யூட்டர்) ஸ்பார்க் டைமிங்கை பின்னாடி இழுத்துக்கும். பெட்ரோல்லேர்ந்து ஆரம்பிங்க, 95 ஆக்டேன் இல்லன்னா அதுக்கு மேல. பிட்ல பானட்டைத் திறந்து வையுங்க. அந்தக் காத்தை ஆத்தற இன்டர்கூலரை மாத்தறது கடைசி. முதல் மூணு ட்ராக் டே முடியறதுக்கு முன்னாடி ஸ்டேஜ் 1 ரீமேப் (பவர் ஏத்த இசியூ சாஃப்ட்வேரை மாத்தறது) போடாதீங்கங்கறது என் கட்சி, ஸ்டாக் காரோட சூட்டையே சமாளிக்கத் தெரியாதப்ப இன்னும் 25 குதிரையை எங்க கட்டறது.

### திடீர்னு கட் ஆச்சு, லைட் எரியுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரி

லிம்ப் மோட், அதாவது கார் தன்னைக் காப்பாத்திக்க பவரைக் குறைச்சுக்கறது. ஓபிடில வர்ற ஃபால்ட் கோடை அழிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. பி0299ன்னா பூஸ்ட் (டர்போ குடுக்கற காத்தழுத்தம்) கம்மி, புஸ்ஸுன்னு சத்தமும் வருதுன்னா ஏதோ ஹோஸ் கழண்டிருக்கு, க்ளாம்ப் டைட் பண்ணா போதும். பி0302ன்னா ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், இக்னிஷன் காயிலை மூணாவதோட மாத்திப் போட்டு ஓட்டுங்க, கோடு பி0303 ஆச்சுன்னா காயில் செத்துப் போச்சு, கோடு அங்கேயே இருந்தா அடுத்து ஸ்பார்க் ப்ளக்கைப் பாருங்க. காசே செலவில்லாத டெஸ்ட். இஞ்சின் லைட் மினுக்கு மினுக்குன்னு அடிச்சா அதோட ஓட்டாதீங்க, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிடும்.

### வளைவுல மட்டும் கட் ஆகுது

இஎஸ்சி (கார் வழுக்காம பாத்துக்கற சிஸ்டம்) லைட் மினுக்குதா? அப்போ அது ரிப்பேரே இல்ல, கார் உங்களைக் காப்பாத்துது. லைட் இல்லன்னா பெட்ரோல் பாருங்க, கால் டேங்க்ல நீண்ட வளைவுல பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கிடும். அரை டேங்குக்கு கீழ ஓட்டாதீங்க.

டிஎஸ்ஜி சூடாயிடுச்சுன்னு வார்னிங் வந்தா பார்க்ல போட்டு ஆற விடுங்க. என் அனுபவத்துல அந்த ட்ரை க்ளட்ச் ட்ராக்ல சூடானதைவிட சில்க் போர்டுல ஊர்ந்து ஊர்ந்து சூடானதுதான் அதிகம். லாஞ்ச் (நின்ன இடத்துலேர்ந்து முழு த்ராட்டில்ல பாயறது) மட்டும் அடிக்காதீங்க.

## வளைவுல சிவப்பு ஆயில் லைட்

இதுல கிளையெல்லாம் இல்ல. த்ராட்டிலை விடு, ஓரம் கட்டு, இஞ்சினை அணை. சமதரைல அஞ்சு நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக் பாருங்க. கம்மியா இருந்தா மேக்ஸ் கோடு வரைக்கும் ஊத்தி, மெதுவா ஓட்டி லைட் வரலன்னா ஆயில் ஒதுங்கினதுதான் காரணம். லெவல் சரியா இருந்தும் லைட் வந்துச்சுன்னா, இல்ல அடில டக் டக்னு சத்தம் கேட்டா, அப்படியே டோ. "பிட் வரைக்கும் மட்டும்"னு ஓட்டிட்டு வந்து இஞ்சின் மாத்துனவங்களை எனக்குத் தெரியும். மேக்ஸுக்கு மேல ஊத்தறதும் தப்பு, க்ராங்க் அடிச்சு நுரையாக்கிடும்.

## முன்னாடி திரும்பவே மாட்டேங்குது

சஸ்பென்ஷனுக்கு காசு எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி காத்து. பெங்களூர்ல 32 பிஎஸ்ஐ வெச்சது சென்னைல 32 இல்ல, கடல்மட்டத்துக்கு இறங்கினா கேஜ்ல ஒண்ணரை பிஎஸ்ஐ குறையும், வெயில் அதைவிட அதிகமா ஏத்தும், நாலு லேப்ல இன்னும் ஒரு ஆறேழு ஏறும். அதனால ஊர்ல வெச்சதை மறந்துட்டு செஷன் முடிஞ்சு உள்ள வந்த உடனே சூட்டுல அளந்து எறக்குங்க, நான் முன்னாடி 35 சூட்டுக் கணக்குல நிறுத்தறேன். டயர் தோள்ல சாக்பீஸ்ல கோடு போட்டுட்டுப் போங்க, ஓரத்துல இருக்கற முக்கோணக் குறியையும் தாண்டி அழிஞ்சிருந்தா காத்து கம்மி, குறிக்கு ரொம்ப மேலயே நின்னா அதிகம்.

அடுத்து டயர் வயசு. பக்கத்துல நாலு நம்பர், 2319னா 2019ல 23வது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் ஆறு வருஷ டயர் கல்லு. அதுக்கப்புறம்தான் அலைன்மென்ட், கேம்பர் (வீலோட சாய்வு), வெளித்தோள் மட்டும் தேயுதுன்னா நெகட்டிவ் கேம்பர் (வீல் மேல்பக்கம் உள்ள சாயறது) வேணும். ஸ்டாக் போலோல முன்னாடி அதுக்கு பெருசா அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, கேம்பர் போல்ட் போடணும், தெரிஞ்ச கை வேணும்.

## வீட்டுக்கு வரும்போது கீச் சத்தம்

பேட் இருந்தா ஒண்ணும் இல்ல. ட்ராக்கை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி பேட் கனம், போல்ட் கோடு, ஆயில், கூலன்ட், நாலு டயரும் உள்தோள் வரைக்கும், காத்தை ரோட்டுக் கணக்குக்கு ஏத்தறது, இவ்ளோதான். நம்ம ஊரு சாதாரண பாலிசில ரேஸிங்கும் ஸ்பீட் டெஸ்டிங்கும் சேராது, ட்ராக்ல ஆனது நம்ம தலைலதான், அதனால அங்க ஏதாவது தட்டியிருந்தா அங்கேயே பாத்துட்டுக் கிளம்புங்க. வேலூர் தாண்டி சத்தம் கரகரன்னு இரும்பு உரசற மாதிரி மாறுச்சுன்னா பேட் தீந்துடுச்சு, அடுத்த ஊர்ல நிறுத்துங்க. வெறும் கீச்சுன்னா ஓட்டிட்டு வாங்க, எங்க அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டி அண்ணன் அந்த சத்தத்தை வெச்சே கேட்டைத் திறந்து வெச்சிருப்பார்.